சர் சி.பி.யின் ‘அமெரிக்கன் மோடல்’: இருந்ததும் இல்லாததும்

1946 ஜனவரியில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் சமஸ்தானத்துக்கு ஒரு புதிய அரசமைப்புத் திட்டத்தை அறிவித்தார். வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை; அந்த வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு அவைகள்; ஆனால் நிர்வாகத்தின் தலைமை, மன்னர் நியமிக்கும் திவானிடமே இருக்கும். எவ்வளவு பெரும்பான்மையோடு எதிர்த்தாலும் அவைகளால் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. இங்கிலாந்தின் மந்திரிசபை முறை இங்கே கட்சிச் சண்டையிலும் சாதிச் சண்டையிலும்தான் முடியும், அமெரிக்காவில் இருப்பதுபோல் சட்டசபையால் கலைக்க முடியாத நிர்வாகமே நிலையான ஆட்சியைத் தரும் என்பது அவருடைய வாதம். ‘அமெரிக்கன் மோடல்’ என்ற பெயர் அந்தத் திட்டத்துக்கு நிலைத்துவிட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் ‘அமெரிக்கன் மோடல் அரபிக்கடலில்’ என்று முழங்கிய தொழிலாளர்கள் ஆலப்புழைப் பகுதியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள்.

அமெரிக்க அரசமைப்பின் அடிப்படைகளைப் புரிந்துகொள்ளத் தென்னாட்டு வாசகருக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி இல்லை. வந்தவாசியில் பிறந்து சென்னையில் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சி.பி.க்கு அமெரிக்க அரசமைப்பு தெரியாததல்ல. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கூறு. அந்தக் கூறு அமெரிக்காவில் கொடுங்கோன்மையாக மாறாமல் காத்து நிற்கும் மற்ற எல்லாவற்றையும் அவர் விட்டுவிட்டார். விடுபட்டவை என்னவென்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் கட்டியது எப்படிப்பட்ட கட்டடம் என்பது விளங்கும்.

முதல் கேள்வி, அதிகாரம் யாரிடமிருந்து வருகிறது என்பது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அதற்குப் பின் வந்த மன்னர்கள் பத்மநாப தாசர்களாக, இறைவனின் பெயரால் ஆண்டார்கள். சட்டசபை இருந்தாலும் அது மன்னர் மனமிரங்கிக் கொடுத்தது. 1888இல் மூலம் திருநாள் அமைத்த சட்ட ஆலோசனை சபையும், 1904இல் தொடங்கிய பிரஜா சபையும், 1932ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஸ்ரீமூலம், ஸ்ரீசித்திரா என்ற இரண்டு அவைகளும் அரச ஆணையால் பிறந்தவை; ஆணையாலேயே மாற்றக்கூடியவை. பிற சமஸ்தானங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இறையாண்மை அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை.

அமெரிக்க அரசமைப்பு மக்களின் பெயரால் தொடங்குகிறது. 1787 மே முதல் செப்டம்பர் 17 வரை 55 பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். கடைசியில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளால் மட்டும் அது சட்டமாகிவிடவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாடுகள் அதை ஏற்க வேண்டியிருந்தது. 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் ஏற்றபோதுதான் அது உயிர்பெற்றது. காங்கிரஸ், ஜனாதிபதி, நீதிமன்றம் மூன்றும் அந்த ஆவணத்தால் உண்டாக்கப்பட்டவை. எதற்கும் அதைத் தாண்டிய சொந்த அதிகாரம் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்திலும் குடியரசு முறை ஆட்சியே இருக்கும் என்றும் அது உறுதி தருகிறது. திருவிதாங்கூர் அமெரிக்காவின் ஒரு மாநிலமாக இருந்திருந்தால், பரம்பரை மன்னராட்சி அங்கே அரசமைப்புக்கு விரோதமாகியிருக்கும்.

சி.பி. பற்றிக்கொண்ட கூறு அடுத்தது. அமெரிக்க ஜனாதிபதியைக் காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்க முடியாது, இது உண்மைதான். ஏன் முடியாது? அவரும் மக்களிடமிருந்தே வருகிறார், அதுவும் நான்கு ஆண்டுக்கு மட்டும் வருகிறார். மாநிலவாரியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வர்களில் 270 பேரின் வாக்கு அவருக்கு வேண்டும். நான்கு ஆண்டு முடிந்ததும் மறுபடி மக்களிடம் போக வேண்டும். 1951இல் நிறைவேறிய இருபத்திரண்டாம் திருத்தம் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படுவதையும் தடுத்துவிட்டது. ஆக, காங்கிரஸால் இறக்க முடியாதவரை நாள்காட்டி இறக்கிவிடும். திவானுக்கு அப்படி நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. 1936 அக்டோபரில் பதவியேற்ற சி.பி. பத்தாண்டுக்குப் பிறகும் அதே இடத்தில் இருந்தார். அவர் பதவி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் விருப்பத்தில் நின்றது. வாக்காளருக்கு அதில் பங்கில்லை. தேர்தல் என்ற அடித்தளம் இல்லாமல் ‘இறக்க முடியாமை’யை மட்டும் எடுத்து வைத்தால், அதை அதிகாரப் பிரிவினை என்று சொல்ல முடியாது. பொறுப்பிலிருந்து விலக்கு என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

இங்கே வாக்காளரின் கண்ணால் பார்ப்பது உதவும். திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே, பொன்முடி மலையடிவாரத்தில், நெடுமங்காடு தாலுகாவில் இருக்கிறது வித்துரா. காட்டோரம் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். போணக்காடு, பொன்முடிப் பக்கம் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த தேயிலைத் தோட்டங்கள். நிலவரி, சொத்து, படிப்பு என்று தகுதி பார்த்துக் கொடுக்கப்பட்ட பழைய வாக்குரிமையில் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இடமில்லை. இன்று வித்துராவில் ஓட்டுப் போடுகிறவர் ஊராட்சிக்கும், அருவிக்கரை சட்டமன்றத் தொகுதிக்கும், ஆற்றிங்ஙல் மக்களவைத் தொகுதிக்கும் போடுகிறார். முதலமைச்சருக்கோ பிரதமருக்கோ தனியாக ஓட்டுச் சீட்டு இல்லை. அவர் அனுப்பிய உறுப்பினர்களின் பெரும்பான்மைதான் ஆட்சியை ஆக்குகிறது. அதே பெரும்பான்மை நழுவினால் ஆட்சி போகிறது. அமெரிக்காவின் ஒரு சிற்றூர் வாக்காளர் பிரதிநிதிகள் சபைக்கு ஒருவரை, செனட்டுக்கு ஒருவரை, ஜனாதிபதி பதவிக்கு ஒருவரை, தன் மாநில ஆளுநர் பதவிக்கு ஒருவரைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார். ஒருவர் வெற்றி இன்னொருவர் பதவியைத் தாங்குவதில்லை. சி.பி.யின் திட்டத்தில் வித்துராக்காரருக்குச் சட்டசபை ஓட்டு கிடைத்திருக்கும். ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க ஓட்டும் இருந்திருக்காது, ஆள்பவரை இறக்கும் இங்கிலாந்து ஓட்டும் இருந்திருக்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வயதுவந்தோர் எல்லோருக்கும் வாக்கு என்பது 1946இல் சிறிய வாக்குறுதியல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் அன்று அது கிடையாது. அமெரிக்காவிலேயே 1870இல் பதினைந்தாம் திருத்தம் இனத்தின் பெயரால் வாக்கை மறுக்கக் கூடாது என்று விதித்த பிறகும், தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தேர்தல் வரியும் எழுத்தறிவுச் சோதனையும் காட்டி விரட்டிக்கொண்டிருந்தார்கள். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை அந்த அநீதி ஓயவில்லை. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்கு வந்தது 1920இல். 1787இன் ஆவணமே அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டது. வாக்குரிமையின் விரிவில் திருவிதாங்கூர்த் திட்டம் அன்றைய அமெரிக்க நடைமுறையை முந்தியே நின்றது. அந்த வாக்குக்குக் கொடுத்த வலிமையில்தான் குறை.

அமெரிக்க அமைப்பின் உயிர்நாடி, மூன்று துறைகளையும் வேறு வேறு கைகளில் கொடுத்து, ஒன்றை ஒன்று தடுத்து நிறுத்தும் வழிகளையும் சேர்த்துக் கொடுத்ததில் இருக்கிறது. சட்டமியற்றுவது 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்த காங்கிரஸ். பிரதிநிதிகளுக்கு இரண்டு ஆண்டுப் பதவி, செனட்டர்களுக்கு ஆறு ஆண்டு. செனட்டில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கொருமுறை தேர்தலைச் சந்திக்கிறார்கள். கூட்டரசின் நிர்வாகப் பதவியில் இருக்கும் எவரும் அதே காலத்தில் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது. துணை ஜனாதிபதி செனட்டுக்குத் தலைமை வகிக்கலாம், ஆனால் வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் ஓட்டுப் போடலாம். திருவிதாங்கூரிலோ 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு அவைகளுக்கும் தலைவர், பதவி வழியாக, திவானேதான். கேள்வி கேட்கப்பட வேண்டியவர், கேள்வியை அனுமதிக்கும் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

ஜனாதிபதி ஒரு மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பினால், இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த மறுப்பை மீறிச் சட்டமாக்கலாம். அமைச்சர்களையும் நீதிபதிகளையும் தூதர்களையும் அவர் முன்மொழியலாம். செனட் ஒப்ப வேண்டும். அவர் செய்யும் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். படைகளின் தலைவர் அவர். போர் அறிவிப்பது காங்கிரஸ், தரைப்படைக்கான பணத்தை ஒரே நேரத்தில் இரண்டாண்டுக்கு மேல் ஒதுக்கவும் கூடாது. குற்றம் செய்தால் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டும். செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் பதவி நீக்கும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். 1974 ஆகஸ்டில் ரிச்சர்ட் நிக்சன் சபையின் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். இதுவரை எந்த ஜனாதிபதியையும் செனட் பதவி நீக்கியதில்லை என்பது இந்த ஆயுதத்தின் பலவீனத்தையும் காட்டுகிறது. ஆனாலும் ஆயுதம் சபையின் கையில் இருக்கிறது. மன்னர் நியமித்த திவானுக்கு எதிராக அப்படி எதுவும் சபையின் கையில் இல்லை.

இவற்றில் பணத்தின் மேலுள்ள பிடிதான் பழையது, ஆழமானது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று கிளம்பித்தான் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்தன. அதனால் வரி மசோதாக்கள் மக்களுக்கு மிக அருகிலுள்ள பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்று அரசமைப்பு விதித்தது. சட்டத்தால் ஒதுக்கப்படாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது. இந்த உணர்ச்சி நெடுமங்காட்டு மலையோரத்துக்கும் அந்நியமல்ல. வித்துராவுக்கு வடமேற்கே உள்ள கல்லறை, பாங்கோடு பகுதியில் 1938 செப்டம்பரில் சந்தை வரிக்கு எதிராக விவசாயிகள் எழுந்தார்கள். தலையில் சுமந்து வந்து விற்கும் விளைபொருளுக்கும் சந்தை வாசலில் வரி கேட்டார்கள். கிளர்ச்சி போலீஸ் நிலையம் வரை போய் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது; பின்னர் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வரியைப் பற்றி ஒரு சொல் சொல்லும் இடம் அவர்களுக்குச் சட்டசபையில் இருந்திருந்தால் சந்தையில் கலவரம் மூண்டிருக்காது.

உரிமைகளின் கணக்கும் இப்படியே. அமெரிக்காவில் பேச்சு, பத்திரிகை, கூட்டம், வழிபாடு ஆகியவற்றைக் காக்கும் முதல் திருத்தம் உள்ளிட்ட பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பரில் நிறைவேறின. மூல ஆவணத்தில் உரிமைகள் போதுமான அளவு இல்லை என்று பல மாநிலங்கள் முறையிட்டதால் வந்தவை அவை. இந்த உரிமைகளை ஏட்டிலிருந்து இறக்கி நடைமுறைக்குக் கொண்டுவருவது நீதிமன்றம். கூட்டரசு நீதிபதிகளை ஜனாதிபதி முன்மொழிந்தாலும், நன்னடத்தை உள்ளவரை அவர்களை நீக்க முடியாது. சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. 1803இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்றும் அதைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்றும் நிலைநாட்டினார். 1938இன் திருவிதாங்கூரில் பிப்ரவரியில் தோன்றிய ஸ்டேட் காங்கிரஸ் என்ற கட்சி அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. ‘மலையாள மனோரமா’வின் உரிமம் பறிக்கப்பட்டு அச்சகம் பூட்டப்பட்டது. அந்தத் தடையாணை செல்லாது என்று அறிவிக்கும் அடிப்படைச் சட்டம் எந்த நீதிமன்றத்தின் கையிலும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகே அந்தப் பத்திரிகை திருவிதாங்கூரில் மறுபடி வெளிவந்தது.

1946 அக்டோபரில் ‘அமெரிக்கன் மோடலு’க்கான விடை தெருவில் வந்தது. அம்பலப்புழை, சேர்த்தலைத் தாலுகாக்களின் கயிறுத் தொழிலாளர், கள்ளிறக்குவோர், மீனவர், விவசாயக் கூலிகள் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் திரண்டார்கள். கூலி, குத்தகைக் கோரிக்கைகளோடு சட்டசபைக்குக் கட்டுப்பட்ட பொறுப்பாட்சி வேண்டும், திவான் ஆட்சி ஒழிய வேண்டும் என்ற அரசியல் கோரிக்கையும் இருந்தது. 24ஆம் தேதி புன்னப்ரா போலீஸ் முகாமை நோக்கிப் போனவர்கள் கையில் இருந்தவை, கமுகு மரத்தைச் சீவிக் கூராக்கிய ஈட்டிகள். ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. படைத் தலைமையைச் சி.பி.யே ஏற்றார். 27ஆம் தேதி வயலாரில் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த இடத்தில் கூடியிருந்தவர்களைப் படை சுட்டது. இறந்தவர் எண்ணிக்கை பற்றி அரசும் கட்சியும் வேறு வேறு கணக்குச் சொல்கின்றன. மந்திரிசபையா ஜனாதிபதி முறையா என்ற கேள்விக்காகக் கூலித் தொழிலாளர் உயிரைக் கொடுத்தது உலக வரலாற்றிலேயே அரிது. ஆள்பவர் தமக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற ஒரே விஷயம் அவர்களுக்குத் தெளிவாக விளங்கியிருந்தது.

அடுத்த ஆண்டு கேள்வி வேறு தளத்துக்கு மாறியது: கூட்டாட்சி. பிரிட்டிஷ் மேலாதிக்கம் விலகும்போது திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று 1947 ஜூன் 11 அன்று சி.பி. அறிவித்தார். அமெரிக்க உதாரணம் இங்கே அவருக்கு நேர் எதிராக நின்றது. பதின்மூன்று குடியேற்றங்களும் தம் இறையாண்மையை விடாமல் 1781இல் அமைத்த தளர்ந்த கூட்டு, வரி வசூலிக்கவும் வணிகத்தை ஒழுங்குபடுத்தவும் முடியாமல் தவித்தது. அந்தத் தோல்வியிலிருந்துதான் 1787இன் மாநாடு பிறந்தது. புதிய அரசமைப்பில் போர், வெளியுறவு, நாணயம், மாநிலங்களுக்கிடையிலான வணிகம் போன்ற குறிப்பிட்ட அதிகாரங்கள் மத்திய அரசுக்கு. எஞ்சியவை, பத்தாம் திருத்தத்தின்படி, மாநிலங்களுக்கும் மக்களுக்கும். கூட்டிலிருந்து தன்னிச்சையாக வெளியேறும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை என்பதை உள்நாட்டுப் போருக்குப் பின் 1869இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் ஒப்படைத்து இந்திய யூனியனில் இணையும்படி சமஸ்தானங்களைக் கேட்டது, தொடக்ககால அமெரிக்கக் கூட்டாட்சியின் மனப்பான்மைக்கு மிக அருகில் இருந்த ஏற்பாடு. சி.பி. அதை முதலில் மறுத்தார். ஜூலை 25 இரவு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசை அகாடமி நிகழ்ச்சியிலிருந்து வெளியே வந்தபோது கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் அவரை வெட்டினார். முகத்தில் காயத்தோடு அவர் தப்பினார். 30ஆம் தேதி, இணையச் சம்மதம் என்று மன்னர் வைஸ்ராய்க்குத் தந்தி அனுப்பினார். ஆகஸ்ட் 19 அன்று சி.பி. பதவியை விட்டார். செப்டம்பர் 4 அன்று மன்னர் பொறுப்பாட்சியை அறிவித்தார்.

தில்லியிலும் மந்திரிசபையா ஜனாதிபதி முறையா என்ற கேள்வி விவாதத்தில் இருந்தது. அரசியல் நிர்ணய சபை அமெரிக்காவிலிருந்து அடிப்படை உரிமைகளையும், நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தையும், குடியரசுத் தலைவர் மீதான குற்றச்சாட்டு விசாரணையையும் எடுத்துக்கொண்டது. நிர்வாகத்துக்கு மந்திரிசபை முறையைத் தேர்ந்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இதற்குக் காரணம் சொன்னார். ஜனநாயக நிர்வாகத்துக்கு நிலைத்தன்மையும் வேண்டும், பொறுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்க முறை நிலைத்தன்மையை அதிகம் தருகிறது, மந்திரிசபை முறை பொறுப்பை அதிகம் தருகிறது. அமெரிக்காவில் நிர்வாகத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில்தான் மதிப்பிட முடியும். இங்கே கேள்விகளாலும் தீர்மானங்களாலும் அன்றாடம் மதிப்பிடலாம். வரைவு பொறுப்பின் பக்கம் சாய்ந்தது.

நிலைத்தன்மை குறையும் என்ற சி.பி.யின் எச்சரிக்கை பொய்க்கவில்லை. வயதுவந்தோர் வாக்குரிமையில் 1948 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸ் 97ஐப் பிடித்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14ஐப் பிடித்தது. மார்ச்சில் ஸ்டேட் காங்கிரஸின் பட்டம் தாணுப் பிள்ளை திருவிதாங்கூரின் பிரதமரானார். சொந்தக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பால் அக்டோபரிலேயே விலகினார். திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்த பிறகும் மந்திரிசபைகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. ஆனால் அந்தக் கவிழ்ப்புகளில் ஒன்றைத் தமிழர்கள் மறக்க முடியாது. 1954 ஆகஸ்ட் 11 அன்று தென்திருவிதாங்கூரைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டபோது முதலமைச்சர் தாணுப் பிள்ளைதான். அப்போது அவர் இருந்த கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே அவர் விலக வேண்டும் என்றார். 1955 பிப்ரவரியில் சட்டசபை வாக்கெடுப்பில் அந்த மந்திரிசபை வீழ்ந்தது. நான்கு ஆண்டு உறுதி செய்யப்பட்ட ஒரு ஆளுநர் அமெரிக்க மாநிலமொன்றில் அதே தவறைச் செய்திருந்தால், வெறும் பெரும்பான்மை வாக்கு அவரை அசைத்திருக்காது.

எல்லைக் கேள்வியிலும் இரண்டு அரசமைப்புகளும் வேறுபட்டே நிற்கின்றன. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிலப்பரப்பிலிருந்து புதிய மாநிலம் உண்டாக்கக் காங்கிரஸின் இசைவோடு சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். 1863இல் மேற்கு வர்ஜீனியா பிரிந்தபோதுகூட, யூனியனுக்கு விசுவாசமாக நின்ற ஒரு வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஒப்புதலைக் காட்டித்தான் பிரித்தார்கள். இந்திய அரசமைப்பின் மூன்றாவது பிரிவின்படி நாடாளுமன்றமே சாதாரணச் சட்டத்தால் எல்லையை மாற்றலாம். மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் தேவையில்லை. 1956 மார்ச்சில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபை கலைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருந்த நிலையில் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெடுமங்காடு தாலுகா, அதனுள் இருந்த வித்துராவோடும் அதன் தேயிலைத் தோட்டத் தமிழர்களோடும், கேரளத்திலேயே நின்றது.